இப்சனின் ‘பொம்மை வீடு’: இல்லறமும் ஊரார் கண்ணும்

இல்லறம் என்பது ஒருவனும் ஒருத்தியும் கூடி நடாத்தும் வாழ்வு என்றே யாவரும் கூறுவர். ஆயினும், அவ்விருவருக்குமிடையே மூன்றாம் ஆள் ஒருவர் கண்ணுக்குப் புலனாகாது அமர்ந்திருப்பதை உற்றுநோக்குவோர் காண்பர். ஊரார் என்பவரே அம்மூன்றாம் ஆள். கணவன் எவ்வாறு ஒழுகவேண்டும், மனைவி எவ்வாறு பேசவேண்டும், தந்தை எதனை ஈட்டவேண்டும், தாய் எதனைத் துறக்கவேண்டும் என்னும் நியமங்களை வகுப்பவர் அவரே. பழந்தமிழ் அகப்பாடல்கள் ஊரார் பேச்சின் வலிமையை ‘அலர்’ என்னும் சொல்லாற் குறித்தன. அங்கு அலர் மணத்துக்கு முன்னர்க் காதலரை நெருக்குவது. பெரும்பாலும் மணத்திலே போய் முடிவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய நடுத்தர வகுப்பார் வீட்டிலோ ஊரார் ஆட்சி மணத்துக்குப் பின்னரே முழுவலிமையும் பெற்றது. வாயிலுக்கு வெளியே நின்று பேசுவதோடு அமையாது, உள்ளே புகுந்து கணவன் மனைவியர் நெஞ்சிலும் அது குடிகொண்டது.

இந்நிலையை மேடையில் நிறுத்திக் காட்டிய படைப்புக்களுள் முதன்மையானது நோர்வே நாட்டு ஹென்றிக் இப்சன் (1828–1906) இயற்றிய ‘பொம்மை வீடு’. 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4 ஆம் நாள் அது நூலாக வெளிவந்தது. முதற்பதிப்பின் 8,000 பிரதிகளும் ஒரு மாதத்துள் விற்றுத் தீர்ந்தன. அதே மாதம் 21 ஆம் நாள் கொப்பன்ஹேகன் நகரத்து அரச நாடகசாலையில் அது முதன்முறையாக நடிக்கப்பட்டது. அன்று எழுந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இந்நாடகத்தைப் பற்றிப் பொதுவாக வழங்கும் கருத்து ஒன்றுண்டு. பெண்விடுதலையை வற்புறுத்த எழுந்தது இது. நோரா விடுதலை வேட்ட பெண். அவள் கணவன் ஹெல்மர் அவளை அடக்கியாண்ட கொடியவன் என்பதே அக்கருத்து. இது முற்றும் பிழையன்று; ஆயின் முற்றும் சரியுமன்று. ஹெல்மரைக் கொடியவன் என்று ஒதுக்கிவிட்டால் நாடகம் எளிதாகிவிடும். அதன் கூர்மையோ மழுங்கிவிடும். கொடிய கணவனை விட்டு மனைவி நீங்குவதில் வியப்பென்ன? குடியும் கோபமும் இல்லாத, உழைப்பாளியான, மனைவிமேல் அன்புடைய ஒருவனை விட்டு அவள் நீங்க நேர்ந்தது ஏன் என்பதே இப்சன் எழுப்பிய வினா. அவ்வினாவுக்கு விடை ஹெல்மரின் குணத்தில் மட்டும் இல்லை. கணவனுக்கு ஒரு வேடமும் மனைவிக்கு ஒரு வேடமும் வகுத்துக் கொடுத்த சமூகத்தின் எதிர்பார்ப்பிலே அது பெரிதும் அடங்கியுள்ளது.

நாடகம் எழுந்த காலத்தை முதலில் நோக்குதல் தகும். நோர்வே அன்று சிறு நகரங்களாலான நாடு. வணிகரும் உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் ஒருவரையொருவர் நன்கறிந்திருந்தனர்; நன்மதிப்பே அவர்தம் பெருஞ்செல்வமாயிருந்தது. இப்சன் அம்மதிப்பின் அருமையை இளமையிலேயே உணர்ந்தவர். ஷீன் என்னும் துறைமுக நகரிற் செல்வாக்குடன் வாழ்ந்த அவர் தந்தையார் வணிகத்தில் நொடிந்தபோது, குடும்பம் நகர வீட்டை விட்டுப் புறத்தேயுள்ள பண்ணையொன்றிற் குடியேற நேர்ந்தது. பின்னர் கிரிம்ஸ்தாட் என்னும் சிற்றூரில் மருந்துக்கடையில் வேலை பழகிய காலத்தில், 1846 ஆம் ஆண்டில், மணமாகாமலே அவர் ஒரு குழந்தைக்குத் தந்தையானார்; அதற்கெனப் பல ஆண்டுகள் பராமரிப்புப் பணமும் செலுத்தினார். ஊரார் கண்ணுக்கு அஞ்சி வாழ்வது எத்தகையது என்பதை அவர் நூல்களிற் படித்தறியவேண்டிய நிலையில் இருக்கவில்லை.

சட்டமும் அந்நாளைய எதிர்பார்ப்புக்குத் துணைநின்றது. நோர்வேயில் மணமாகாத பெண்கள் 1863 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 25 வயதிற் சட்டத்தகைமை பெற்றனர். 1869 இல் அவ்வயது 21 ஆகக் குறைக்கப்பட்டது. மணமான பெண்ணுக்கோ 1888 ஆம் ஆண்டுவரை அத்தகைமை கிட்டவில்லை. எனவே, தனித்திருந்த காலத்திற் சட்டத்தின் கண்ணில் முழு மனிதராயிருந்தவள், மணமேடையினின்று இறங்கியதும் மீண்டும் சிறுபிள்ளையின் நிலையை எய்தினாள். கணவனின் இசைவின்றி மனைவி கடன் பெறவியலாது என்று இந்நாடகத்தின் முதல் அங்கத்திலேயே ஒரு பாத்திரம் நினைவூட்டுகிறது. கதை முழுவதும் அவ்வொரு விதியின்மேற் சுழல்கின்றது.

கதை சுருக்கமானது. நத்தாருக்கு முதல்நாளன்று நாடகம் தொடங்குகிறது. ஹெல்மர் புத்தாண்டில் வங்கி முகாமையாளனாகப் பதவியேற்கவிருக்கிறான். எட்டாண்டுகளுக்கு முன் மணந்த மனைவி நோரா மூன்று குழந்தைகளுக்குத் தாய். மணமான புதிதில் ஹெல்மர் கடும் நோய்வாய்ப்பட்டபோது, தென்னாட்டுக்குச் சென்றாலன்றி அவன் பிழையான் என்று வைத்தியர் அவளிடம் கூறினர். அவள் 4,800 குரோனர் கடன் பெற்று அவனை இத்தாலிக்கு அழைத்துச்சென்று காப்பாற்றினாள். பணம் தன் தந்தை தந்ததென்று கூறினாள். உண்மையில், கடன்பத்திரத்திற் பிணையாக இடவேண்டிய தந்தையின் கையொப்பத்தை அவளே இட்டிருந்தாள். தந்தை செப்டெம்பர் 29 ஆம் நாள் இறந்தார். கையொப்பத்தின் திகதியோ ஒக்டோபர் 2. கடன் கொடுத்த குரோக்ஸ்தாட் அவ்வங்கியிலேயே சிறு பதவியிலிருப்பவன். ஹெல்மர் தன்னை நீக்கவிருப்பதை அறிந்து நோராவை அச்சுறுத்துகிறான். செய்தி வெளிப்பட்டதும் கணவன் அவளைப் பழித்துரைக்கிறான். பத்திரம் திரும்பி வந்ததும் மன்னித்துவிடுகிறான். அவளோ வீட்டை விட்டு நீங்குகிறாள்.

நோரா பொய் சொல்பவள். திரை விலகிய சிறிது நேரத்தில், கணவன் தடுத்த தின்பண்டத்தை ஒளித்து உண்டு, உண்ணவில்லை என்று சாதிக்கிறாள். இச்சிறு பொய்யைக் கண்டு அவளை அற்பமானவள் என்று கருதுவோர் உளர். ஆனால் அப்பொய் எங்கிருந்து பிறந்தது என்பதை நோக்கவேண்டும். கணவன் அவளை வானம்பாடியென்றும் அணிற்பிள்ளையென்றும் அழைக்கிறான். அணிலிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை, கருத்தும் கேட்பதில்லை. இனிமையாயிருப்பதே அதன் கடமை. அக்கடமையை நிறைவேற்றும் பொருட்டுத் தன் அறிவையும் துணிவையும் அவள் மறைக்கவேண்டியவளாகிறாள். முந்திய ஆண்டு நத்தாரின்போது மூன்று வாரம் இரவுதோறும் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு அவள் மரத்துக்கு அலங்காரப் பூக்கள் செய்ததாக ஹெல்மர் நம்பியிருக்கிறான்; முடிவிற் பூனை அவற்றைக் கிழித்துவிட்டதென்று கூறப்பட்டது. உண்மையில் அவ்விரவுகளில் அவள் கூலிக்கு எழுத்துப் பிரதி செய்து கடனுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவ்வேளையில் தான் ஓர் ஆண்மகனைப் போல உணர்ந்ததாகத் தோழியிடம் மகிழ்ந்து சொல்கிறாள். உழைப்பின் இன்பத்தைச் சொல்ல ஆண்மையோடு ஒப்பிடுவதன்றி அவளிடம் வேறு சொல் இல்லை. பயனற்ற பூவேலை பெண்ணுக்குரிய தகுதியாகவும், பயனுள்ள உழைப்பு மறைக்கவேண்டிய குற்றமாகவும் கருதப்பட்ட குடும்பத்தின் நிலையை இவ்வொரு செய்தியே விளக்கிவிடுகிறது.

அவள் இச்செய்தியைக் கணவனிடம் மறைத்ததற்குக் காட்டும் காரணமும் சிந்தனைக்குரியது. தன் உயிருக்காக மனைவிக்குக் கடன்பட்டிருப்பதை அறிந்தால் அவனுடைய ஆண்மைக்குரிய தன்மதிப்பு நோகும். இல்லறத்தின் அமைதி குலையும் என்கிறாள். மேலும், என்றோ ஒருநாள், தன் அழகு குன்றித் தன் ஆடலும் பாடலும் அவனுக்குச் சலித்த பின்னர், இதனை எடுத்துரைக்கலாம் என்று அவள் எண்ணியிருக்கிறாள். விளையாட்டுப் பிள்ளைபோலத் தோன்றும் இப்பெண், தன் இல்லறத்தின் அடிப்படை எது என்பதை எவ்வளவு தெளிவாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறாள்! தன் அழகு ஒரு முதல் என்பதும், அது நாளடைவிற் கரையும் என்பதும், அப்பொழுது கைக்கொடுக்க வேறொரு சேமிப்பு வேண்டும் என்பதும் அவள் அறிவாள். அன்பு உடையதெனினும் இத்தகைய இல்லறத்தில் அச்சம் அடிநிலமாக இருக்கிறது.

இனி ஹெல்மரைக் காண்போர் அவனிடத்தும் அவ்வச்சத்தையே காண்பர். மணம் புரிந்ததும் வருவாய் போதாதென்று அவன் அரசாங்க உத்தியோகத்தை விட்டான். முதலாண்டில் இரவுபகலாக உழைத்தான். அவ்வுழைப்பே அவனை நோயில் வீழ்த்தியது. குடும்பத்தைத் தாங்குபவன் ஆண் என்னும் நியமம் அவன் உயிரையே கேட்டது. சட்டத்தரணியாயிருந்தபோது நேர்மையற்ற வழக்குக்களை அவன் ஏற்கவில்லை. கடனை வெறுப்பவன். இவை யாவும் நற்குணங்கள். ஆயின் அந்நற்குணங்களுக்கு வேர் எங்கேயுள்ளது என்பதை இரண்டாம் அங்கம் காட்டிவிடுகிறது.

குரோக்ஸ்தாட்டை வேலையினின்று நீக்கவேண்டாம் என்று நோரா மன்றாடுகிறாள். அவன் முன்னொருகாற் கையொப்ப மோசடி செய்தவன் என்பதே ஹெல்மர் முதலிற் காட்டும் காரணம். ஆனால் அவள் மேலும் மேலும் வேண்ட, மெய்க்காரணம் வெளிவருகிறது. இருவரும் இளமையில் நண்பர்கள். பிறர் முன்னிலையிலும் குரோக்ஸ்தாட் அவனை ஒருமையில் உரிமையோடு அழைத்துப் பேசுகிறான். முகாமையாளனுக்கு இது பொறுக்கவில்லை. அவனுடைய குற்றத்தையேனும் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஹெல்மர் தானே ஒப்புகிறான். அழைப்பின் உரிமையைப் பொறுக்க இயலாதாம். அதற்கு மேலும், மனைவியின் சொற்கேட்டுப் புதிய முகாமையாளன் தன் முடிவை மாற்றினான் என்று வங்கியிலுள்ளோர் சொன்னால் நகைப்புக்கிடமாகும் என்று அஞ்சுகிறான். அறம் என்று அவன் எண்ணியிருந்தது பெரும்பாலும் நகைப்புக்கு அஞ்சுதலேயாம். இதிற் கவனிக்கத்தக்கது, அவன் வஞ்சகமாகப் பேசவில்லை என்பதாகும். மனைவியிடம் இதனை வெளிப்படையாகவே கூறுகிறான். இது தகாத காரணம் என்ற ஐயமே அவனுக்கு எழவில்லை. சமூகத்தின் நியமம் ஒருவனுடைய மனச்சாட்சியின் இடத்தில் அமர்ந்துகொண்டால் விளையும் பயன் இதுவே.

மூன்றாம் அங்கத்தில் நிகழ்வது இதன் நீட்சி. வீட்டின் கடிதப்பெட்டிக்குத் திறவுகோல் ஹெல்மரிடம் மட்டுமே உண்டு. கண்ணாடியூடாகத் தெரியும் கடிதத்தை நோரா கண்டு நடுங்கலாம், எடுக்கவியலாது. மாடிவீட்டு விருந்தினின்று திரும்பிய கணவன், அவளைத் தன் மனைவியாகவன்றி, ஒருவரும் அறியாத இரகசியக் காதலியாகக் கற்பனைசெய்து மகிழ்வதைச் சொல்கிறான். அவளுக்கு ஏதேனும் பேரிடர் நேர்ந்து அதிலிருந்து உயிரையும் பொருளையும் ஈந்து காக்கும் வாய்ப்புத் தனக்குக் கிடைக்கவேண்டும் என்றும் விரும்புகிறான். சில நிமிடங்களில் அவ்வாய்ப்பு வருகிறது. கடிதத்தைப் படித்தவுடன் அவன் முதலில் நினைப்பது தன் எதிர்காலத்தையே. அவளைப் பொய்யள் என்றும் குற்றவாளி என்றும் ஏசுகிறான். குழந்தைகளை வளர்க்கும் தகுதி அவளுக்கு இல்லை என்கிறான். ஆயினும் அவள் வீட்டிலேயே இருக்கவேண்டும். பிறர் பார்வைக்கு எல்லாம் முன்போலவே தோன்றவேண்டும் என்கிறான். உள்ளே இல்லறம் மடிந்துவிட்டாலும் வெளியே அதன் உருவம் நிற்கவேண்டும் என்பதே அவன் தீர்ப்பு. சிறிது நேரத்திற் பத்திரம் திரும்பி வருகிறது. தான் பிழைத்துவிட்டதாக அவன் ஆரவாரிக்கிறான். தாங்கள் இருவரும் என்ற எண்ணம் சற்றுப் பின்னரே, அவள் வினவிய பின்னரே, அவன் வாயில் வருகிறது. மன்னித்தேன் என்கிறான், மன்னிக்கப்பட்ட மனைவி கணவனுக்கு இருமடங்கு உரியவளாகிறாள் என்று இன்புறுகிறான். அவன் ஏசியதைக் காட்டிலும் அம்மன்னிப்பே நோராவின் கண்ணைத் திறந்தது எனலாம்.

ஹெல்மரை மட்டும் கற்பனையில் வாழ்ந்தவன் என்று கூறுதல் நடுநிலையாகாது. நோராவும் ஒரு கற்பனையைப் பேணியிருந்தாள். செய்தி வெளிப்படும்போது கணவன் முன்வந்து, பழி முழுவதையும் தானே ஏற்பான் என்று அவள் நம்பினாள். அவ்வற்புதத்தை எதிர்பார்த்தாள், அது நிகழாமல் தடுக்கத் தான் நீரில் மூழ்கி இறக்கவும் துணிந்தாள். தன்னைக் காக்க வரும் வீரன் என்ற இப்படிமமும் ஊரார் தந்ததே. ஆண் காப்பான், பெண் காக்கப்படுவாள் என்னும் ஒரே கதையை இருவரும் இருபக்கத்திலிருந்து நம்பினர். ஆகவே கதவை மூடி வெளியேறும்போது அவள் துறப்பது கணவனை மட்டுமன்று. அவனைப் பற்றித் தான் நெய்த கனவையும் துறக்கிறாள். இறுதி உரையாடலில் அவள் ஆத்திரம் குறைந்து, தெளிவு மிகுந்து பேசுவதன் காரணம் இதுவேயாகும். எட்டாண்டு மணவாழ்வில் இருவரும் அமர்ந்து ஒரு பொருளைப் பற்றி உள்ளபடி பேசியது அதுவே முதன்முறை என்று அவள் சுட்டுகிறாள். அப்பேச்சு நடைபெற இல்லறம் முறியவேண்டியிருந்தது என்பதுதான் துயரம்.

துணைப்பாத்திரங்களிலும் இக்கருத்து ஊடுருவி நிற்கிறது. வைத்தியர் றாங் நாள்தோறும் வீட்டுக்கு வருபவர். கணவனிடம் பேசவியலாதவற்றை நோரா அவரிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். அவரிடம் அவளுக்குக் கடமையெதுவும் இல்லை என்பதே காரணம். ஆனால் அவர் தம் காதலை வாய்திறந்து சொன்ன கணத்தில் அவ்வொரு வாயிலும் அடைபடுகிறது. அவரிடம் கேட்கவிருந்த பணவுதவியை அவள் கேளாது விடுகிறாள். சொல்லாதிருக்கும்வரை எல்லாம் இயலும். சொல்லிவிட்டால் நியமம் விழித்துக்கொள்ளும்.

இவர்களுக்கு எதிர்நிலையில் நிற்போர் கிறிஸ்தீன் லிண்டே என்னும் கைம்பெண்ணும் குரோக்ஸ்தாட்டும். நோயுற்ற தாயையும் இரு தம்பியரையும் காக்கவேண்டிக் கிறிஸ்தீன் தான் விரும்பிய குரோக்ஸ்தாட்டைக் கைவிட்டுச் செல்வன் ஒருவனை மணந்தவள். அதுவும் குடும்பக் கடமையென்னும் நியமத்தின் விளைவே. அவன் விட்டுச்சென்ற செல்வமும் அழிந்து, தாயும் இறந்து, தம்பியரும் தம் காலில் நின்றபின், அவளுக்கு யாருக்காக உழைப்பது என்பது தெரியவில்லை. குரோக்ஸ்தாட்டோ நோரா செய்த அதே குற்றத்தைச் செய்து ஊராரால் ஒதுக்கப்பட்டவன். தன் மகன்மாருக்காக இழந்த மதிப்பை மீட்க முயல்பவன். மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் இவ்விருவரும் தம் குறைகளை ஒளிக்காது பேசி இணைகின்றனர். ஒரு மணம் முறியும் அதே இரவில் இன்னொரு மணம் உருவாகிறது. ஊராரிடம் இழப்பதற்கு இனி ஒன்றும் இல்லாதவரே ஒருவரோடொருவர் உண்மை பேச இயன்றவராகின்றனர் என்பதை இப்சன் உரையாற்றாமலே உணர்த்திவிடுகிறார். பெட்டியிலுள்ள கடிதத்தை மீட்டுவிடக் குரோக்ஸ்தாட் முன்வந்தபோது கிறிஸ்தீனே தடுக்கிறாள். பொய்யின்மேல் நிற்கும் அவ்வீட்டில் உண்மை வெளிப்படவேண்டும் என்பது அவள் துணிபு. தோழிக்குச் செய்த நன்மையா தீமையா இது என்பதை நாடகாசிரியர் தீர்த்துரைக்கவில்லை.

விமரிசகர் பெரிதும் கவனியாது விட்ட பாத்திரம் ஒன்றுண்டு. அது நோராவை வளர்த்த செவிலி ஆன்மரி. ஏழைப் பெண்ணான அவள், மணமாகாது பெற்ற தன் மகளை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டு, நோராவுக்குப் பாலூட்ட வந்தவள். அவ்வாறு பிள்ளையைப் பிரிய எவ்வாறு மனம் துணிந்தது என்று நோரா ஒருநாள் அவளிடம் கேட்கிறாள். வறியவளுக்கு வேறு வழியில்லை என்பதே அவள் விடையின் பொருள். நோரா தன் குழந்தைகளை விட்டு நீங்கியபோது ஐரோப்பா முழுவதும் அதிர்ந்தது. ஆன்மரி தன் குழந்தையை விட்டு நீங்கியதைப் பற்றி எவரும் அதிரவில்லை. தாய்மையின் புனிதம் பேசிய சமூகம் அப்புனிதத்தை வகுப்புக்கு ஒன்றாக அளந்து கொடுத்தது. நோரா வெளியேறக் கூடியதாயிருந்ததும் குழந்தைகளைக் காக்கச் செவிலி வீட்டில் நின்றமையாலேயே. இவ்வுண்மையை இப்சன் வெளிப்படப் பேசவில்லை. ஆயின் அதனை மறைக்கவும் இல்லை.

நோரா நீங்கியமைக்கு எதிராக எழுந்த கண்டனம் எத்தகையது என்பதை நாடகத்தின் மேடை வரலாறு காட்டும். 1880 இல் ஜெர்மனியில் இதனை நடிக்கவிருந்த புகழ்பெற்ற நடிகை ஹெட்விக் நீமன்–ராபே, தான் ஒருபோதும் தன் குழந்தைகளை விட்டு நீங்கமாட்டாள் என்றும், ஆதலின் அம்முடிவை நடிக்கவியலாது என்றும் மறுத்தாள். பிறர் கைவைத்துச் சிதைப்பதைத் தடுக்க அன்று போதிய பதிப்புரிமைக் காப்பு இல்லாமையால், இப்சன் தாமே வேறொரு முடிவை எழுதிக்கொடுத்தார். அதில் ஹெல்மர் அவளைக் குழந்தைகள் உறங்கும் அறைவாயிலுக்கு இழுத்துச் செல்ல, அவள் அங்கேயே சோர்ந்து விழுகிறாள். இம்மாற்றத்தை நாடகத்தின்மீது இழைத்த வன்செயலென்றே இப்சன் கருதினார். இங்கிலாந்தில் 1884 ஆம் ஆண்டு ஹென்றி ஆர்தர் ஜோன்ஸும் ஹென்றி ஹேர்மனும் தழுவியெழுதிய நாடகத்தில், கணவன் பழியைத் தானே ஏற்கிறான். மனைவி வீட்டிலேயே இருக்கிறாள். நோராவுக்குக் கிட்டாத அற்புதத்தை இலண்டன் அவையோருக்கு வழங்கிவிட்டனர்! மூலத்தைத் தழுவாது உள்ளபடி அங்கு நடித்துப் பெரும் பரபரப்பை விளைத்தது 1889 ஆம் ஆண்டிலே, ஜனெற் ஆச்சேர்ச் நோராவாக நடித்தபோதாகும். குடும்பத்தை ஊரார் கண் எவ்வாறு திருத்துகிறது என்று எழுதிய நாடகத்தையே ஊரார் கண் திருத்த முற்பட்டமை, அதன் கருத்துக்குச் சான்றாயிற்று.

நாடகத்துக்கு மூலமாயமைந்த வாழ்க்கையோ இதனினும் கொடியது. லோரா கீலர் (1849–1932) என்னும் எழுத்தாளர் இப்சன் குடும்பத்துக்கு அறிமுகமானவர். இளமையில் இப்சனின் ‘பிராண்ட்’ என்னும் நாடகத்துக்குத் தொடர்ச்சியாக ஒரு நூல் எழுதியவர். தம் கணவரின் நோய் தீர இரகசியமாகக் கடன் பெற்று அவரை இத்தாலிக்கு அழைத்துச்சென்றார். கடனை அடைக்க வழியின்றிப் பின்னர்ப் பொய்ப்பத்திரம் எழுத நேர்ந்தது. 1878 இற் செய்தி வெளிப்பட்டபோது கணவர் மணவிலக்கு வேண்டினார். குழந்தைகள் அவரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். அவர் மனநோயாளர் விடுதியிற் சிலகாலம் அடைக்கப்பட்டார். பின்னர்க் குழந்தைகளின் பொருட்டுக் கணவரிடமே திரும்பினார். நாடகத்து நோரா தானே கதவைத் திறந்துகொண்டு வெளியேறினாள். மெய்வாழ்வின் நோராவோ பிறரால் வெளியேற்றப்பட்டு, பிறர் மனமிரங்கியபோது உள்ளே வந்தார். ‘உண்மை நோரா’ என்ற பெயர் வாழ்நாள் முழுவதும் தம்மைப் பின்தொடர்ந்ததை அவர் பெருமையாகக் கருதவில்லை; வேதனையாகவே கருதினார். ஓர் ஆக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதற்கு வாழ்வைக் கொடுத்தவரின் துன்பத்தை மறந்துவிட்டு அதனைப் போற்றுதல் முழுமையான திறனாய்வாகாது.

நாடகத்தின் குறையாகப் பலர் எடுத்துரைப்பது நோராவின் மாற்றம் திடீரென நிகழ்கிறது என்பதாகும். முதல் இரு அங்கங்களில் ஓடியாடித் திரிந்தவள் ஓரிரவில் மெய்யியலாளர் போலப் பேசுவது இயல்பாகுமா என்பர். இக்கண்டனத்தில் ஓரளவு நியாயமுண்டு. இறுதிக் காட்சியின் சில பகுதிகளில் நோராவின் குரலைக் காட்டிலும் ஆசிரியரின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. ஆயின் பிரிவுக்கான வித்து முன்னரே ஊன்றப்பட்டுள்ளது. பொய்யுரைக்கும் தாயாற் குழந்தைகள் நஞ்சூட்டப்படுகின்றனர் என்று முதல் அங்கத்தில் ஹெல்மர் குரோக்ஸ்தாட்டைக் குறித்துச் சொன்னதைக் கேட்டு நோரா வெளிறிப்போகிறாள். அதன்பின் குழந்தைகளோடு பழகுவதையே குறைத்துக்கொள்கிறாள். இறுதியில் அவள் கணவனும் அத்தீர்ப்பையே நேரிற் கூறுகிறான். தன்னைத் தான் கல்விகற்பித்துக்கொள்ளாமற் பிறரை வளர்க்கத் தனக்குத் தகுதியில்லை என்று அவள் முடிவுசெய்வது, கணவன் சொல்லை மறுப்பதன்று; அதனை அவனினும் மெய்யாக எடுத்துக்கொள்வதாகும்.

குழந்தைகளின் கதி யாது என்னும் வினாவுக்கு நாடகம் விடை கூறவில்லை. அது உண்மையான குறையே. ஆனால் வீட்டிலேயே நின்றிருந்தால் யாது நேரும் என்னும் எதிர்வினாவை இப்சன் 1881 இல் எழுதிய ‘ஆவிகள்’ என்னும் நாடகத்தில் ஆராய்ந்தார். அதில் ஆல்விங் அம்மையார், ஒழுக்கங்கெட்ட கணவனை விட்டு ஓடிவந்தும், மதகுருவின் அறிவுரைக்குப் பணிந்து மீண்டும் அவனிடமே சென்று, அவன் நற்பெயரை ஆயுள் முழுவதும் காத்தவர். அவருக்குக் கிடைத்த பயன், தந்தையின் நோயைப் பெற்றுப் பிறந்த மகன் தன் கண்முன்னே அறிவழிவதைக் காண்பதே. நீங்கினாலும் துன்பம், நின்றாலும் துன்பம் என்றால், பிழை நீங்குதலிலோ நிற்றலிலோ இல்லை. உண்மையை ஒதுக்கி உருவத்தைக் காக்கும் இல்லற முறையிலேயே உள்ளது என்பது இவ்விரு நாடகங்களையும் ஒருசேரப் படிப்போர்க்குப் புலனாகும்.

நோர்வேயிற் சட்டம் பின்னர் மாறியது. 1888 இல் மணமான பெண் சட்டத்தகைமை பெற்றாள். 1909 இல் மணவிலக்குச் சட்டம் தளர்த்தப்பட்டது. 1913 இற் பெண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். சட்டம் மட்டுமே நோராவின் இடராயிருந்தால் நாடகம் அன்றே பழங்கதையாகியிருக்கும். ஆயின் 1977 இல் ஒஸ்திரிய எழுத்தாளர் எல்பிரீட ஜெலினெக் வீட்டை நீங்கிய நோரா தொழிற்சாலையில் எவ்வாறு அல்லலுற்றாள் என்று நாடகமெழுதினார். 2017 இல் அமெரிக்க நாட்டு லூக்கஸ் நேத் என்பவர், பதினைந்தாண்டின் பின் அவள் அதே கதவைத் தட்டுவதாக மற்றொன்று எழுதினார். வெளியேறிய நோராவைச் சமூகம் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது. சட்டம் ஏட்டில் உள்ளது, அதனை மாற்றலாம். எதிர்பார்ப்போ நெஞ்சில் உள்ளது. அது தன்னைத் தன் விருப்பம் என்றே நம்பச் செய்யும். ஹெல்மர் தன் அச்சத்தை அறமென்று நம்பியதும், நோரா தன் வேடத்தை அன்பென்று நம்பியதும் இதனாலேயே.

1898 ஆம் ஆண்டு நோர்வேயின் பெண்ணுரிமைச் சங்கம் இப்சனுக்கு விருந்தளித்துப் பாராட்டியபோது, தாம் பெண்ணுரிமைக்கென்று கருதி எழுதியவரல்லர் என்றும், மனிதகுலத்தின் பிரச்சினையாகவே இதனைக் கண்டதாகவும் அவர் கூறினார். சங்கத்தாருக்கு அது ஏமாற்றமாயிருந்திருக்கலாம். எனினும் நாடகத்தை நடுநிலையோடு படிப்போர் அக்கூற்றின் நேர்மையை உணர்வர். பொம்மை வீட்டில் வாழ்ந்த பொம்மை ஒன்றன்று, இரண்டு. அவற்றுள் ஒன்று தான் பொம்மை என்பதை அறிந்துகொண்டு வெளியேறியது. மற்றொன்று, திரை விழும் வேளையில், வெற்று வீட்டில் அமர்ந்து அதனை அறியத் தொடங்குகிறது. இருவரும் மனிதராக மாறினாலன்றி மீண்டும் கூடி வாழ்தல் இயலாது என்று நோரா விட்டுச்சென்ற சொல்லில் ஹெல்மருக்கும் இடமுண்டு. ஊரார் கண்ணுக்காக அன்றி ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கி வாழும் இல்லறம் ஒன்று அமையக்கூடுமா என்பதே இந்நாடகம் ஒவ்வொரு தலைமுறையிடத்தும் கேட்டுநிற்கும் கேள்வி. அதற்குரிய விடையை மேடையிலன்று, வீட்டிலேயே தேடவேண்டும்.